முதல் சகுரா: கியோட்டோ போவதா, வீட்டுப் பக்கத்திலேயே பார்ப்பதா?

நிஷிகசாய் புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் குடும்பத்தோடு டோக்கியோ வந்தோம். நிஷிகசாயில் வீடு. மகள் ஏப்ரலில் முதல் வகுப்பு சேர்கிறாள். சகுரா என்கிற செர்ரிப் பூக்காலம் எங்களுக்கு இதுதான் முதல்.

மார்ச் கடைசியில் கியோட்டோ போகலாம் என்று பார்த்தால் அறை வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நிற்கிறது. அவ்வளவு கொடுத்துப் போனாலும் அந்த இரண்டு நாளில் பூத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பூக்கும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் வருடமே கியோட்டோ அவசியமா? கணவரின் அலுவலகத்தில் ஹனாமிக்கு, அதாவது மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பூ பார்ப்பதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? நாங்கள் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுமிதா கரை

வணக்கம் சகோதரி. தேதியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

பூக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும் வேலையை ஜப்பான் வானிலை முகமை 2010-லேயே விட்டுவிட்டது. இப்போது கணிப்பு தருபவை வெதர்நியூஸ் மாதிரியான தனியார் அமைப்புகள். குளிர்காலத்திலேயே முதல் கணிப்பு வந்துவிடும், அப்புறம் திருத்திக்கொண்டே இருப்பார்கள். முகமை இன்றைக்கும் செய்வது, மரத்தை நேரில் பார்த்து அறிவிப்பது. டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்துக்குள் நிற்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்துவிட்டால் பூக்கத் தொடங்கியதாக அறிவிப்பு. மொட்டுகளில் 80 சதவீதம் விரிந்தால் முழு மலர்ச்சி. அதிகாரி அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு பூவாக எண்ணுவதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள். ஒரு மரத்தில் ஐந்து பூ பூத்ததைத் தலைப்புச் செய்தியாகச் சொல்லும் ஊரில் வாழ்கிறோம் என்பதே எனக்கு இன்னும் சந்தோஷம் தருகிறது.

நாமே கணக்குப் போடவும் வழி இருக்கிறது. பிப்ரவரி 1-லிருந்து ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 டிகிரியை நெருங்கும்போது டோக்கியோவில் பூக்கும். மகளோடு சேர்ந்து நாட்காட்டியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சில நாள் வித்தியாசத்துக்குள் வந்து நிற்கும்.

டோக்கியோவில் 2020, 2021, 2023 மூன்று ஆண்டும் மார்ச் 14-லேயே தொடங்கிவிட்டது. 2024-ல் 29 வரை காக்கவைத்தது. இப்படி இரண்டு வாரம் முன்னே பின்னே போகும் ஒன்றுக்கு, ரத்து செய்ய முடியாத அறையை இப்போதே பிடிக்காதீர்கள். தொடங்கிய நாளிலிருந்து முழு மலர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம், அதற்கு மேல் இன்னொரு வாரம். நடுவில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் அதுவும் குறையும்.

இந்த வருடம் கியோட்டோ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் எட்டும் தூரத்தில் ஷின்காவா ஓடுகிறது. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் கியோதோகு என்ற ஊரின் உப்பைப் படகில் நகருக்குக் கொண்டுவர வெட்டிய கால்வாய் அது. இரு கரையிலும் நடைபாதை, எழுநூறு மரத்துக்கு மேல் இருக்கும். பல வகை கலந்து நட்டிருப்பதால் ஒன்று முடிய ஒன்று பூக்கும். அராகாவா கரையில் கொமாத்சுகாவா பக்கம் போனால் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரம் மரம். சுற்றுலா வருகிறவருக்கு முழு மலர்ச்சி நாள் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். இங்கே குடியிருக்கும் நமக்கு மொட்டு விடுவதிலிருந்து தளிர் மூடும் வரை எல்லாமே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு ரயில் ஏறாதீர்கள்.

ஒசாகா பழையவர்

நான் மாற்றிச் சொல்வேன். வீட்டுப் பக்கத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் சோமேய் யோஷினோ என்ற ஒரே வகை. இன்றைய கொமாகோமே பக்கம் இருந்த சோமேய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் எடோ காலக் கடைசியில் விற்கத் தொடங்கியது. நாடு முழுக்க நிற்பவை எல்லாம் ஒட்டுப்போட்டுப் பெருக்கியவை, மரபணு ஒன்றேதான். அதனால்தான் ஒரு கரையில் உள்ள மரமெல்லாம் ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் கொட்டுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சகுரா என்றால் அது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு முறையாவது நாரா பக்கம் யோஷினோ மலைக்குப் போய்ப் பாருங்கள். பெயர் குழப்பும், ஆனால் சோமேய் யோஷினோவுக்கும் அந்த மலைக்கும் சம்பந்தமில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் காட்டு சகுரா, முப்பதாயிரம் மரம் என்பார்கள். சாவோ கொங்கென் என்ற தெய்வத்துக்கு உரிய மரமாகக் கருதி, பல நூறு ஆண்டுகளாக வழிபட வந்தவர்கள் கன்று கொடுத்து வளர்ந்த மலை அது. விதையிலிருந்து வந்தவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று வெள்ளை, பக்கத்தில் வெளிர்சிவப்பு, பூவோடு சேர்ந்தே செம்பு நிறத் தளிரும் விடும். அடிவாரத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து, கீழ் ஆயிரம், நடு ஆயிரம், மேல் ஆயிரம், உள் ஆயிரம் என்று பெயர் வைத்திருக்கும் பகுதிகள் வழியாக மாதக் கடைசி வரை மேலேறிக்கொண்டே போகும். தேதி சற்றுத் தவறினாலும் மலையில் ஏதாவது ஓர் உயரத்தில் பூ இருக்கும். உங்கள் தேதிக் கவலைக்கு அதுவே பதில்.

கியோட்டோவும் அப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டிய ஊர் இல்லை. 2021-ல் மார்ச் 26-லேயே முழு மலர்ச்சி வந்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளில் அதுவரை இல்லாத முந்தல் என்று பேசப்பட்டது. ஆனால் அங்கேயே நின்னாஜி கோயிலில் குட்டையாக வளரும் ஒமுரோ சகுரா மற்ற இடமெல்லாம் கொட்டிய பிறகுதான் பூக்கும். ஏப்ரல் நடுவில் ஒரு வார நாளில் போங்கள், கூட்டமும் குறைந்திருக்கும்.

சுமிதா கரை

யோஷினோ மலைக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் அது இரண்டாம் வருடத்துக்கு. முதல் வருடம், அதுவும் குழந்தை பள்ளி சேரும் அந்த வாரத்தில் வேண்டாம். இங்கே மார்ச்சில் பட்டமளிப்பு, ஏப்ரல் 1 வேலை மாற்றம், அடுத்த வாரம் பள்ளி நுழைவு விழா. எல்லாம் இந்தப் பூவுக்குள்தான் நடக்கிறது. புது ராண்டோசெரு பையை மாட்டிக்கொண்டு பள்ளி வாசல் பலகை பக்கத்தில் நின்று எடுக்கும் படத்தில் மரத்தில் கொஞ்சமாவது பூ மிச்சமிருக்க வேண்டுமே என்று ஊரே வேண்டிக்கொள்ளும். அந்தக் கவலையில் நீங்களும் பங்கு எடுத்துக்கொள்ளும்போதுதான் இது உங்கள் ஊர் ஆகும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கவாசாகி அக்கா

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன், இந்த இழையில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் இல்லத்தில் இருப்பவர்களை வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவோம். ஏற்பாடு முழுக்க எங்கள் பொறுப்பு. யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்கு எத்தனை போர்வை, எந்தக் கழிப்பறையில் படி இல்லை என்று ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்து வருவோம். மாற்று நாளும் வைத்துக்கொள்வோம், மழை சொல்லிவிட்டு வருவதில்லையே.

ஒரு பாட்டி. தொண்ணூறை நெருங்குகிறவர். மதியம் சாப்பிட்டதை அடுத்த நிமிடம் மறந்து, சாப்பாடு எப்போது என்று கேட்பார். மரத்தடியில் நாற்காலியை நிறுத்தியதும் முகக்கவசத்தைத் தாமே கீழே இழுத்துவிட்டு மேலே பார்த்தார். பிறகு கொக்குமின் கக்கோ என்று தொடங்கித் தன் பள்ளியின் பெயரை முழுசாகச் சொன்னார். போர்க்காலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது என்று உடன் வேலை செய்பவர் பிறகு சொன்னார். பள்ளிக்குப் போகும் வழி, வாசலில் இரண்டு மரம், அம்மா தைத்துக் கொடுத்த துணித் தொப்பி, எல்லாம் வரிசையாக வந்தது. என் ஜப்பானிய மொழி அப்போது பாதிதான். இருந்தும் எல்லாம் புரிந்தது, ஏனென்றால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

புதுவரவு சகோதரி, எந்த இடம் என்று மலைக்க வேண்டாம். அந்த நாளில் யாரோடு போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக ஒரு வயதானவர் இருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள்.

நிஷிகசாய் புதுவரவு

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், குப்பை பிரிப்பதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கேட்டுப் பார்க்கிறேன்.

கியோட்டோ அறையை எடுக்கவில்லை. சரி, அலுவலக ஹனாமி பற்றி யாராவது சொல்லுங்கள். இடம் பிடிக்க விடியற்காலையில் போக வேண்டுமா என்று இவர் கேட்கிறார்.

மினாதோ அலுவலகவாசி

பழைய வழக்கம் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவரை விடியுமுன் அனுப்பி, நீலத் தார்ப்பாயை விரித்து மாலை வரை உட்காரவைப்பார்கள். பந்திக்கு முந்து என்பதை இவர்கள் அளவுக்கு நம்பியவர்கள் இல்லை. இப்போது நிறைய குறைந்துவிட்டது. ஆள் இல்லாத விரிப்பைப் பல பூங்காக்களில் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பெந்தோ என்ற டப்பா சாப்பாடு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் போய்வருவதோடு சரி. அவர் குடிக்காதவர் என்றால் தயங்காமல் தேநீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொள்ளட்டும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். விரிப்பில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். கிளம்பும்போது குப்பையைப் பொறுக்க முதலில் எழுந்திருப்பவரை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

குடும்பத்தோடு போவதற்கு மது வாடையே வேண்டாம் என்றால் ஷின்ஜுகு கியோஎன் பூங்கா. உள்ளே மதுவுக்கு அனுமதி இல்லை, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு 500 யென், நடுநிலைப் பள்ளி வரை படிக்கும் குழந்தைகளுக்கு இலவசம். கூட்டம் மிகும் நாட்களில் முன்பதிவு கேட்டதுண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படத்துக்காகக் கிளையை இழுப்பது, பூ கொட்டட்டும் என்று உலுக்குவது, குழந்தையை ஏற்றி உட்காரவைப்பது, இதையெல்லாம் நம்மவர்களும் செய்கிறார்கள். சகுராவில் கிளை ஒடிந்த இடம் எளிதில் ஆறாது, பூஞ்சை புகுந்து உள்ளே அழுகிவிடும். வேரின் மேல் விரிப்பைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மண் இறுகி மரம் நலியும். அடிமரத்திலிருந்து தள்ளி உட்காருங்கள்.

கசாய் சமையலறை

சாப்பாடு என் பக்கம். மார்ச் கடைசியில் வெயில் அடித்தாலும் தரை சில்லென்றுதான் இருக்கும், சூடாகக் கொண்டுபோவது எதுவும் சூடாக இருக்காது. ஆறினாலும் நன்றாக இருப்பது நம் கட்டுசாதம்தான். புளியோதரை, எலுமிச்சை சாதம், உருளை வறுவல். தயிர்சாதம் மட்டும் வேண்டாம், அந்தக் குளிரில் இறங்காது. பிளாஸ்கில் ரசம் எடுத்துப்போங்கள், கடைசியில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

கடையில் வாங்குவதில் இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று உருண்டை குச்சியில் கோர்த்த ஹனாமி தாங்கோ பெரும்பாலும் அரிசி மாவும் சர்க்கரையும்தான். சகுரா மோச்சி என்ற இனிப்புக்கு மேல்பக்கம் அரிசியோ கோதுமை மாவோ, உள்ளே சிவப்புக் காராமணி மாதிரியான அசுகிப் பயறுப் பூரணம். மேலே சுற்றியிருக்கும் உப்பிலிட்ட இலையையும் சேர்த்தே சாப்பிடலாம். ஒஷிமா சகுரா இலை அது, இசு தீபகற்பத்தில் மத்சுசாகி ஊரில்தான் அதிகம் தயாராகிறது. தோஃபுத் தோலுக்குள் சாதம் அடைத்த இனாரி சுஷி பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் அந்தத் தோலை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். உறையின் பின்பக்கம் படிக்காமல் வாங்காதீர்கள்.

ஹிரோசாகி மாணவன்

வடக்கிலிருந்து வணக்கம். இங்கே இன்னும் பனி கிடக்கிறது. அவசரமில்லாதவர்கள் ஏப்ரல் கடைசியில் எங்கள் அவோமோரி பக்கம் வாருங்கள்.

ஒசாகா அண்ணா சோமேய் யோஷினோவைக் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டார், அதனால் எழுதுகிறேன். அந்த மரத்துக்கு ஆயுள் அறுபது வருடம்தான் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். ஹிரோசாகிக் கோட்டைப் பூங்காவில் 1882-ல் நட்ட சோமேய் யோஷினோ இன்னமும் பூக்கிறது. அவோமோரி ஆப்பிள் ஊர். ஆப்பிளுக்குக் கிளை கழிக்கும் முறையையே இங்கே சகுராவுக்கும் செய்கிறார்கள். காய்ந்த கிளையை எடுத்து, வெட்டிய இடத்துக்கு மருந்து பூசி, உரம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மொட்டில் மூன்று நான்கு பூ என்பது வழக்கம். இங்கே நான்கு ஐந்து, அதற்கு மேலும் வரும். மரத்தடியில் நின்றால் கிளையே தெரியாது. கடைசியில் இதழெல்லாம் அகழித் தண்ணீரை மூடிவிடும், பூ முடிந்த பிறகு அதைப் பார்க்கவே தனியாக ஆட்கள் வருவார்கள்.

ஒசாகா பழையவர்

தம்பி, ஹிரோசாகிக்கு இருக்கும் கவனிப்பு எல்லா ஊர் மரத்துக்கும் இல்லையே. போருக்குப் பிறகு ஊர் ஊராக நட்டவை ஒரே வயதில் சேர்ந்தே மூப்படைகின்றன. கிளை கொத்துக் கொத்தாகத் துடைப்பமாய்க் கிளம்பும் தெங்குசு நோய் சோமேய் யோஷினோவுக்கு எளிதில் வரும். மரபணு ஒன்று என்பதால் ஒன்றின் பலவீனம் எல்லாவற்றுக்கும் பலவீனம். இதனாலேயே நாடெங்கும் கன்று வழங்கிவந்த நிப்போன் ஹனா நோ காய் அமைப்பு 2009-லிருந்து சோமேய் யோஷினோ கொடுப்பதை நிறுத்தி, ஜிந்தாய் அகெபோனோ என்ற வகையை நடச் சொல்கிறது. நிறம் கொஞ்சம் கூடுதல், பூப்பதும் ஓரிரு நாள் முந்தும். உங்கள் பேட்டையில் பழைய மரத்தை வெட்டி இந்தக் கன்றை நட்டிருந்தால் கோபப்படாதீர்கள்.

இன்னொன்று. கழுத்து மட்டும் சிவந்த, பளபளக்கும் கருவண்டு ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. 2012-ல் ஐச்சியில் முதலில் கண்டார்கள். புழு அடிமரத்துக்குள் இரண்டு மூன்று வருடம் தின்றே மரத்தைக் கொன்றுவிடும். கோடையில் சகுரா அடியில் செம்பழுப்புத் தூள் திரள் திரளாகக் குவிந்திருந்தால் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்புங்கள். வண்டை உயிரோடு எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்காது. மொழி தடுமாறினாலும் படமும் இடமும் போதும். இரண்டு வாரம் பார்த்து ரசிக்கிற நாம் இதையாவது செய்ய வேண்டும்.

மினாதோ அலுவலகவாசி

மறந்துபோனேன், மகரந்த ஒவ்வாமை. பூ பூக்கும் அதே வாரங்களில்தான் ஹினோகி மரத்தின் மகரந்தமும் பறக்கும். சகுரா மேல் பழி போடாதீர்கள். கண் அரித்து மூக்கு ஒழுகினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், காப்பீட்டில் வரும். நாக்கின் அடியில் வைக்கும் நீண்டகாலச் சிகிச்சை சுகி என்ற இன்னொரு மரத்தின் மகரந்தத்துக்கு இருக்கிறது. அதை மகரந்தம் பறக்காத மாதங்களில்தான் தொடங்குவார்கள், மூன்று வருடத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

நிஷிகசாய் புதுவரவு

பூத்துவிட்டது! மகளின் கூட்டல் கணக்கு 600-ஐத் தாண்டிய மறுநாளே யாசுகுனி அறிவிப்பு வந்தது. அவள் வீடு முழுக்கக் குதித்தாள்.

கீழ்வீட்டுப் பாட்டியோடு ஷின்காவா போனோம். எனக்கு முதலில் ஒரு ஏக்கம் இருந்தது. இவ்வளவு பூ, ஆனால் வாசனையே இல்லை. மல்லிகை விற்கும் தெருவில் வளர்ந்தவளுக்கு அது புதிது. பாட்டி பூவின் நடுவைப் பார்க்கச் சொன்னார். புதுசாக விரிந்தது நடுவில் வெளிர்பச்சை. நாளாக ஆக நடு சிவந்துகொண்டே வரும், நன்றாகச் சிவந்தால் அந்தப் பூ விழத் தயார். அதன் பிறகு மரத்தைப் பார்த்தாலே எத்தனை நாள் தாங்கும் என்று ஓரளவு தெரிகிறது.

காற்றே இல்லாமல் முழுப்பூக்கள் காம்போடு சுழன்று சுழன்று விழுவதையும் அவர்தான் காட்டினார். மேலே பார்த்தால் சிட்டுக்குருவி. அலகு குட்டை என்பதால் பூவின் அடியையே கடித்துத் தேனை எடுத்துக்கொண்டு பூவைக் கீழே போட்டுவிடுகிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட மெஜிரோ மட்டும் தலைகீழாகத் தொங்கி அலகை நுழைத்துக் குடிக்கிறது, பூ அப்படியே இருக்கிறது. குருவி போட்ட பூக்களைப் பொறுக்கி மகளின் பின்னலில் வைத்துவிட்டோம். வாசனை இல்லாத குறையை நானும் அதோடு விட்டுவிட்டேன்.

திரும்பும்போது காற்று கிளம்பி, பாட்டியின் தலையிலும் ரசம் ஊற்றிய கிண்ணத்திலும் இதழ் கொட்டியது. அட்சதை போட்ட மாதிரி இருந்தது. ரசத்தை அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

கவாசாகி அக்கா

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் பயணம் வியாழக்கிழமை. உங்கள் பாட்டி சொன்ன நடுச்சிவப்பை அங்கே பார்த்துச் சொல்கிறேன்.

நிஷிகசாய் புதுவரவு

ஒரு கடைசிக் கேள்வி. மகள் பள்ளிச் சுவரோரம் இன்னும் மொட்டாகவே இருக்கும் மரம் ஒன்று நிற்கிறது. மொட்டு கருஞ்சிவப்பு, தளிர் பழுப்பு. மற்றதெல்லாம் கொட்டிவிட்டது, இது நோயா?

ஒசாகா பழையவர்

நோய் இல்லை அம்மா, அது அடுக்கு சகுரா. தளிரைப் பார்த்தால் கன்சான் வகையாக இருக்கும். ஏப்ரல் நடுவில் கனத்த இளஞ்சிவப்பில் பூக்கும். கனகாவாவில் ஹதானோ ஊர்க்காரர்கள் இந்தப் பூவைத்தான் பறித்து உப்பிலிடுகிறார்கள். நிச்சயதார்த்தம், கல்யாணம் என்றால் வெந்நீரில் அதைப் போட்டு விரியவிட்டுக் கொடுப்பார்கள். ஒசாகா நாணயச் சாலை வளாகத்திலும் அடுக்கு வகைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 1883-லிருந்து ஆண்டுக்கு ஒரு வாரம் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், முன்பதிவு இருந்தால் உங்களுக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன்.